4.9-க்கு அடுத்து 5.0: மறுபடியும் காசு கட்டணுமுங்களா?

பல்லடம் தறிக்காரர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பல்லடத்துப் பக்கம் விசைத்தறி வெச்சிருக்கறேன். கொஞ்சம் சொந்தத்துக்கு ஓடுது, மீதியெல்லாம் கூலிக்கு, நூல் குடுக்கற பார்ட்டிகளுக்கு நெஞ்சு தர்றது. எந்தப் பார்ட்டியோட பாவு (நெடுக்க ஓடற நூல்) எப்ப வந்துது, குறுக்க ஓடற ஊடை நூல் எத்தனை பை, எத்தனை மீட்டர் துணி மடிச்சு அனுப்புனோம், கழிவு எவ்வளவு, மீட்டருக்குக் கூலி என்ன, எல்லாமே ஒரே சாப்ட்வேர்லதான் இருக்குது. 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்காரங்ககிட்ட முழுப் பணம் கட்டி வாங்குனது. பில்லுலயே “லைஃப்டைம் அப்டேட் ஃப்ரீ”ன்னு அச்சடிச்சிருக்குது. அந்தப் பில் இன்னும் பத்திரமா இருக்குதுங்க.

இப்ப அதோட 4.9 வெர்ஷன் ஓடிட்டு இருக்குது. போன மாசம் அங்கிருந்து போன் வந்துது. 5.0 வந்திருச்சாம். அது வேற சாப்ட்வேராம். லைஃப்டைம்னு எழுதுனது 4-க்கு மட்டுந்தானாம். 5.0 வேணும்னா அன்னிக்கு வாங்குன விலையில பாதிக்கு மேல கட்டணுமாம். கட்டலீனா என்ன ஆகும்னு கேட்டேன். வரி மாறுனா 4.9-ல வராது, இ-இன்வாய்ஸ் (பில்லை அரசாங்கத் தளத்துல பதியறது) போட முடியாது, விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு மூணு காரணம் சொன்னாங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட ஆதரவு நின்னுபோச்சுன்னு நாங்களும் புதுக் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறோம். அதனால மூணாவது காரணத்துலதான் பயந்துட்டேன்.

வந்து போட்டுக் காமிச்சாங்க. திரையில கலர் மாறியிருக்குது, பட்டன் பெரிசாயிருக்குது. மத்தபடி பாவு வரவு, துணி டெலிவரி, கூலி பில் எல்லாம் அதே இடத்துல அதே மாதிரிதான். எங்க ஆபீஸ்ல கணக்கு எழுதற பொண்ணு, “4.9-க்கு அடுத்து 4.10 வராதுங்களா, எதுக்கு 5-க்குத் தாவுனீங்க”ன்னு கேட்டுது. வந்தவருக்குப் பதில் சொல்லத் தெரியலை.

காசு குடுக்கறதுல வருத்தமில்லீங்க. வேலை செஞ்சவங்களுக்குக் குடுக்கத்தான் வேணும். ஆனா எதுக்குக் குடுக்கறேன்னு எனக்குத் தெரியணும். நூல்காரர் 40-ம் நெம்பர்னு பில் போட்டா, ஒரு பவுண்டுல 840 கஜ நீள நூல் சுருள், சிட்டம்னு சொல்வோம், அது 40 இருக்கணும். சந்தேகம்னா கவுண்ட் எடுத்துப் பாத்துக்கலாம். இந்த 4.9, 5.0-ங்கறதுக்கு அப்படி ஏதாவது அளவு இருக்குதுங்களா? இல்லை, அவங்க வாய்க்கு வந்த நெம்பருங்களா? தெரிஞ்சவங்க சொன்னா உபகாரமா இருக்கும்.

ஈரோடு டிசைன் கடை

அண்ணா, நாங்க சென்னிமலை பெட்ஷீட் கவர், மஞ்சத்தூள் பாக்கெட், கல்யாணப் பத்திரிகைன்னு எல்லாம் டிசைன் பண்றவங்க. எங்க தொழில்ல நெம்பருக்கு ஒரே ஒரு அர்த்தந்தான்: நான் அனுப்புற ஃபைல் அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல திறக்குமா, திறக்காதா?

கோரல்டிரா எடுத்துக்குங்க. 2004-ல 12 வந்துது. அடுத்து 2006-ல எக்ஸ்3. அந்த எக்ஸ் ரோமன் பத்து. ஆக எக்ஸ்3-ன்னா 13-தான். எக்ஸ்8 வரைக்கும் போய், 2017-ல இருந்து வருஷத்தையே பேரா வெச்சுட்டாங்க. 12, எக்ஸ்3, 2017-ன்னு மூணும் ஒரே வரிசையில வர்றதுன்னு புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்குச் சொல்லித்தான் புரிய வைக்கணும். புதுசுல செஞ்ச ஃபைல் பழசுல திறக்காது. அதனால பிரஸ்ல இருந்து தினமும் வர்ற போன், “அக்கா, வெர்ஷன் குறைச்சு சேவ் பண்ணி அனுப்புங்க”ன்னுதான் இருக்கும். குறைச்சா சில எஃபெக்ட் ஓடிப்போயிரும், எழுத்துக்குப் போட்ட நிழலெல்லாம் வெறும் படமா மாறிரும். அதையெல்லாம் பாத்து மறுபடி சரி பண்ணித்தான் அனுப்பணும்.

பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர் கதை இன்னும் பாவம். 2001-ல வந்த 7.0-தான் கடைசி. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடே தெரியாது அதுக்கு. அதுல பழைய எழுத்துருவுல அடிச்சு வெச்ச தமிழை அப்படியே எடுத்து இன்னிக்கு வேற எதுலயும் போட முடியாது, எழுத்து மாத்தி போட்டுத்தான் ஆகணும். ஆனாலும் பழைய வாடிக்கையாளருங்க ஃபைலுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரை அப்படியே வெச்சிருக்கறோம்.

நான் சொல்றது இதுதான்: உங்க 4.9-ல இருக்கற கணக்கு 5.0-ல திறக்குமா, அப்புறம் 5.0 பிடிக்கலைன்னா 4.9-க்குத் திரும்ப வர முடியுமா, இந்த ரெண்டையும் கேட்டுட்டுக் காசைப் பத்திப் பேசுங்க.

கரூர் வரி ஆலோசகர்

ஐயா, சாப்ட்வேர் பத்தி மத்தவங்க சொல்வாங்க. சட்டம் சம்பந்தப்பட்டதை மட்டும் நான் சொல்றேன்.

இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர்ல 500 கோடி விற்றுமுதல் உள்ளவங்களுக்குத்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் 100, 50, 20, 10 கோடின்னு இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து 5 கோடி. 2017-18-ல இருந்து எந்த ஒரு வருஷத்திலயாவது உங்க மொத்த விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தாத்தான் உங்களுக்கு அது கட்டாயம். ஒரே பான் எண்ணுல இருக்கற எல்லாப் பதிவையும் சேர்த்துப் பாக்கணும். கூலித்தறிக்காரங்க விற்றுமுதல்னா கூலிப் பணந்தான். பார்ட்டியோட நூல் மதிப்பு அதுல வராது. 5 கோடி தாண்டாதவருக்கு இ-இன்வாய்ஸைக் காட்டிப் பயமுறுத்தறது நியாயமில்லை. உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

இன்னொண்ணு. ஒருதரம் போட்ட பதிவை யார் எப்ப மாத்துனாங்கங்கற தடயத்தை அழிக்காம வெச்சிருக்கற சாப்ட்வேர்தான் பயன்படுத்தணும்னு 2023 ஏப்ரல் 1-ல இருந்து விதி இருக்கு. ஆனா அது கம்பெனிச் சட்டத்துல பதிவான கம்பெனிகளுக்கு. நீங்க தனி உரிமையாளரோ பங்குதாரர் நிறுவனமோன்னா அந்த விதி உங்களுக்கு இல்லை. பிரைவேட் லிமிடெட்னா, 4.9-ல அந்த வசதி இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

கோவை நிரலர்

அண்ணா, உங்களுக்கு போன் பண்ணுன கம்பெனி நானில்லை. ஆனா நானும் அதே தொழில்தான். சாயப்பட்டறைகளுக்கும் நூல் ஏஜென்சிகளுக்கும் கணக்கு சாப்ட்வேர் எழுதி விக்கறேன். அதனால விக்கறவங்க பக்கமும் வாங்கறவங்க பக்கமும் தெரிஞ்சு எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

உங்க ஆபீஸ் பொண்ணு கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. 4.9-ல இருக்கறது தசமப் புள்ளி இல்லை. நாலு ஒரு எண், ஒன்பது இன்னொரு எண். ஒன்பதுக்கு அடுத்துப் பத்து, பதினொண்ணுன்னு போய்ட்டே இருக்கலாம். கிம்ப்னு இலவசமாக் கிடைக்கற பட மென்பொருள்ல 2.8 வெளியீட்டுக்கு அடுத்ததா 2018-ல 2.10-ன்னே வந்துது. லினக்ஸ் இயங்குதளத்தோட மையப் பகுதியான கெர்னல் 2.6.39 வரைக்கும் போச்சு. ஆக, ஒன்பது முடிஞ்சதால அஞ்சு வந்துதுன்னு யாராவது சொன்னா அதை ஏத்துக்காதீங்க. அஞ்சுங்கறது யாரோ உக்காந்து முடிவு பண்ணி வெச்ச எண்.

என்ன முடிவுல வெச்சாங்கங்கறதுதான் விஷயம். எழுதி வெச்ச விதி ஒண்ணு இருக்கு. நிரலர்கள் நிரலைப் போட்டு வைக்கற கிட்ஹப் தளத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதுனது. மூணு எண்: கடைசி எண் ஏறுனா பிழை திருத்தம் மட்டும், நடு எண் ஏறுனா புது வசதி வந்திருக்கு, ஆனா பழசு எதுவும் கெடலை, முதல் எண் ஏறுனா பழசோட ஒத்துப் போகாத மாத்தம் ஒண்ணு இருக்கு, பாத்துப் போங்கன்னு அர்த்தம். ஒரு நிரலை நம்பி இன்னொரு நிரல் எழுதறவங்களுக்காக வந்த விதி இது. கடையில விக்கற சாப்ட்வேர் இதைப் பின்பற்றணும்னு கட்டாயம் கிடையாது. நூலுக்கு 840 கஜம் இருக்கற மாதிரி இங்க அளவுகோல் எதுவும் இல்லைங்கறதுதான் உங்க கேள்விக்கு நேரான பதில்.

அளவுகோல் இல்லாததால ஆளாளுக்கு ஒரு காரணம். மைக்ரோசாப்ட் வேர்டு விண்டோஸ்ல 2-ல இருந்து 1993-ல நேரா 6-க்குப் போச்சு. டாஸ்லயும் மேக்லயும் ஓடுன வேர்டு எண்களோட ஒத்துப் போகணும், போட்டியாளரான வேர்டுபெர்பெக்டும் 6-ல நின்னுட்டிருந்துது. ஸ்லேக்வேர்னு ஒரு லினக்ஸ், மத்தவங்க எண்ணெல்லாம் பெரிசா இருக்குன்னு 1999-ல 4-ல இருந்து 7-க்குத் தாவுச்சு. லினக்ஸ் கெர்னலை 2011-ல 3.0 ஆக்குனப்ப, இதுல பெருசா ஒண்ணும் மாறலை, எண் ரொம்ப நீண்டுபோச்சு, இருபது வருஷமும் ஆகப் போகுதுன்னு அதை உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாவே சொல்லிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது. இதுக்கு நேர்மாறா, இங்க்ஸ்கேப்னு படம் வரையற மென்பொருள் 2003-ல ஆரம்பிச்சது, 2020-லதான் 1.0-ன்னு போட்டுக்கிட்டாங்க. அது வரைக்கும் 0.92-ஐ வெச்சே உலகம் பூரா ஜனங்க வேலை செஞ்சுட்டிருந்தாங்க. கணினி அறிஞர் டொனால்டு நூத், தன்னோட டெக் அச்சுக்கோப்பு நிரலுக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணக்குல வர்ற பை (π) மதிப்புல ஒரு இலக்கம் சேர்த்துட்டு வர்றார், இப்ப 3.141592653. இனிப் பெரிய மாத்தம் எதுவும் செய்யப் போறதில்லைன்னு அவர் குடுத்த வாக்கு அந்த எண்ணுலயே தெரியுது. உபுண்டுன்னு இன்னொரு லினக்ஸ், அதுல 24.04-ன்னா 2024 ஏப்ரல்னு அர்த்தம், அவ்வளவுதான்; நல்லதா கெட்டதான்னு அந்த எண் எதுவும் சொல்லாது.

இனி உங்க மூணாவது பயம், விண்டோஸ் 11. விண்டோஸ் 11-ஏ உள்ளுக்குள்ள தன்னை 10.0-ன்னுதான் சொல்லிக்குது, பில்ட் எண் 22000-ல இருந்து ஆரம்பிக்குது. நம்ம பக்கத்துல சின்னக் கம்பெனிகள் எழுதுன கணக்கு சாப்ட்வேர்ல பெரும்பாலானது விஷுவல் பேசிக் 6 (விபி 6), இல்லைன்னா விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோங்கற நிரல் மொழியில எழுதுனது. விபி 6 வந்தது 1998-ல. அதுல எழுதுன நிரல்கள் ஓடறதுக்கு வேணும்ங்கற அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11-லயும் கூடவே வருது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ 2.6-ல எழுதுனதா இருந்தா மட்டும் நிச்சயமா ஓடாது, ஏன்னா விண்டோஸ் 11 64 பிட் மட்டுந்தான், 16 பிட் நிரலை அது ஏத்துக்காது. 2017-ல வாங்குன உங்களுது அப்படி இருக்க வாய்ப்பு கம்மி. புதுக் கம்ப்யூட்டர் கைவசம் இருக்கறதால கேக்கறதை விடப் பாத்தறலாம்: 4.9-ஐயும் கணக்கோட ஒரு பிரதியையும் அதுல ஏத்தி, பழைய கூலி பில் ஒண்ணை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்ல அடிச்சுப் பாருங்க. லைசென்ஸ் பூட்டு பழைய கம்ப்யூட்டரோட கட்டியிருந்தா, மாத்திக் குடுன்னு கேளுங்க. அது உங்க உரிமை.

வரி மாத்தம். 2025 செப்டம்பர் 22-ல செயற்கை இழை நூலுக்கு 12-ல இருந்து 5 சதவீதம் ஆச்சு. பருத்தி நூலுக்கு முன்னாடியே 5-தான். உங்ககிட்ட பாலியஸ்டர் கலந்த நூல் இருந்திருந்தா அன்னிக்கு என்ன பண்ணுனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஒழுங்கா எழுதுன சாப்ட்வேர்ல வரி விகிதம் பொருள் மாஸ்டர்ல தேதியோட இருக்கும். நீங்களே போய் எந்தத் தேதியில இருந்து எவ்வளவுன்னு மாத்திக்கலாம். விகிதம் மாறுனதுக்குப் புது வெர்ஷன் வாங்கணும்னு சொன்னா, அந்த 12-ஐயும் 5-ஐயும் நிரலுக்குள்ளயே எழுதி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அது அவங்க எழுதுன விதத்துல இருக்கற குறை, அதுக்கு நீங்க காசு கட்ட வேண்டியதில்லை. ரிட்டர்ன் படிவமே மாறுனா, சரக்கு கொண்டு போறதுக்கான இ-வே பில் மாதிரி ஒண்ணு புதுசா வந்தா, அது வேற. அதுக்கு உண்மையான உழைப்பு வேணும்.

இப்ப அவங்க பக்கம் ஒண்ணு சொல்லணும். திரை அப்படியே இருக்குன்னா உள்ள ஒண்ணும் மாறலைன்னு அர்த்தமில்லை. நிறையப் பேர் மைக்ரோசாப்ட் ஆக்சஸ்ங்கற சின்னத் தரவுத்தளக் கோப்புலதான் கணக்கை வெச்சிருந்தாங்க. அந்தக் கோப்பு 2 ஜிபி-யைத் தாண்ட முடியாது. நெருங்க நெருங்க மெதுவாகும். நாலஞ்சு கம்ப்யூட்டர்ல ஒரே சமயம் திறந்து வேலை செய்யறப்ப நடுவுல கரன்ட் போச்சுன்னா கோப்பு கெட்டுப் போறது சகஜம். அதை எஸ்கியூஎல் சர்வர்ங்கற பெரிய தரவுத்தளத்துக்கு மாத்தி, மொத்தத்தையும் டாட்நெட்ங்கற புது நிரல் முறையில திருப்பி எழுதியிருந்தா அது வருஷக்கணக்கான வேலை. பழகுன கைக்குத் தடுமாறக் கூடாதுன்னு வேணும்னே திரையை அப்படியே விட்டிருப்பாங்க. அப்படின்னா 5-ங்கற எண் நியாயமான எண். காசும் நியாயமான காசு. கலரும் பட்டனும் மட்டுந்தான்னா ரெண்டுமே நியாயமில்லை. வந்து காமிச்சவருக்கு இது தெரியாது, விக்க வந்தவர். எழுதுனவரோட பேசணும்னு கேளுங்க.

நான் இத்தனை வருஷமா வாடிக்கையாளர்களோடயும் தொழில்ல இருக்கற நண்பர்களோடயும் வாதாடறது ஒண்ணே ஒண்ணுதான்: வெர்ஷன் எண்ணையும் காசையும் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சுப் போட்ட உடனே அந்த எண் பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். பெட்டியில சிடி போட்டு வித்த காலத்துல இது நல்லாத் தெரிஞ்சுது. போட்டோஷாப் சிஎஸ்3 2007, சிஎஸ்4 2008, சிஎஸ்5 2010, சிஎஸ்6 2012. புதுப் பெட்டி வந்தாத்தான் வருமானம். அப்ப ஒரு வசதி முடிஞ்சு தயாரா இருந்தாலும் அடுத்த பெட்டி வரைக்கும் உள்ளயே வெச்சிருக்கத்தான் தோணும். பெட்டி கனமாத் தெரியணும்னு வேண்டாததையும் சேக்கத் தோணும். பழசுல இருக்கற பிழையைத் திருத்தறதுல யாருக்கும் ஆர்வம் இருக்காது, ஏன்னா அதுக்கு யாரும் காசு தரமாட்டாங்க.

“லைஃப்டைம் ஃப்ரீ”ங்கறது இதுக்கு எதிர்க்கோடி. அதுவும் நிக்காது. ஒருதரம் வாங்குன பணத்துல 2018-ல இ-வே பில், 2021-ல எச்எஸ்என்ங்கற பொருள் குறியீட்டு இலக்க மாத்தம், வருஷா வருஷம் இறங்குன இ-இன்வாய்ஸ் வரம்பு, 2025-ல வரி அடுக்கு மாத்தம்னு இத்தனையும் செஞ்சு குடுக்கணும். போன் எடுத்துப் பதில் சொல்ற ஆளுக்கு மாசாமாசம் சம்பளம். புது வாடிக்கையாளர் வந்துட்டே இருந்தாத்தான் பழைய வாடிக்கையாளருக்குச் செலவு பண்ண முடியும். புது ஆள் வர்றது நின்ன அன்னிக்கு, 4-ங்கறது 5 ஆகும். உங்க விஷயத்துல நடந்தது அதுவாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். அதுக்காக பில்லுல எழுதுன வாக்கு இல்லைன்னு ஆயிராது. 4-க்கு மட்டும்னு அன்னிக்கு எழுதலையே. அதைக் காட்டி விலையில நல்லாக் குறைக்கச் சொல்லுங்க, தயங்காதீங்க.

நான் பில்லுல தேதி போட்டுத் தர்றேன். இன்ன தேதி வரைக்கும் வர்ற எல்லாப் புது வெளியீடும் இதுல சேர்ந்தது, எண் எதுவா இருந்தாலும். அந்தத் தேதிக்கு அப்புறம் கட்டறதும் கட்டாததும் உங்க விருப்பம். கட்டலைன்னா கையில இருக்கறது அப்படியே ஓடும். கணக்கு தப்பா வர்ற பிழை எதுவா இருந்தாலும், எப்பச் சொன்னாலும், திருத்தறது என் செலவு. இதை நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கலை. சப்ளைம் டெக்ஸ்ட்னு நிரலர்கள் வாங்கற ஒரு சாப்ட்வேர் 2021-ல இருந்து அப்படித்தான், வாங்குன நாள்ல இருந்து 3 வருஷத்து அப்டேட். நமக்கெல்லாம் தெரிஞ்ச டேலியில லைசென்ஸ் தனி, வருஷச் சந்தா தனி. 2020 நவம்பர்ல பழைய டேலி ஈஆர்பி 9 போய் டேலி பிரைம் வந்தப்ப, சந்தா நடப்புல இருந்தவங்ககிட்ட தனியா விலை கேக்கலை.

திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்

நிரலர் சார் சொல்றதுல ஒரு இடத்துல ஒத்துக்க முடியலை. தேதி, எண்ணுன்னு எதுக்கு இவ்வளவு? வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டிட்டுப் போறது நிம்மதி. நாங்க ஆர்டர் ஷீட்ல இருந்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பேக்கிங் வரைக்கும் ஒரே சாப்ட்வேர்ல, வருஷச் சந்தாவுலதான் ஓட்டறோம். எந்த வெர்ஷன்னே எங்க மெர்ச்சண்டைசர்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டியதும் இல்லை. காலையில திறந்தா புதுசா இருக்கும். ஷிப்மென்ட் தேதி நெருங்கறப்ப “அது பழைய வெர்ஷன்”ங்கற பேச்சே வராது. அதுக்குக் குடுக்கற காசு எங்களுக்குப் பெரிசாத் தெரியலை.

கோவை நிரலர்

உங்க அளவுக்கு அது சரிதாங்க. ஆர்டர் வந்துட்டே இருக்கற இடத்துல வருஷச் சந்தா ஒரு செலவே இல்லை. ஆனா தறிக்காரர் நிலைமை வேற. நூல் விலை ஏறி, துணிக்கு விலை இல்லாம மாசக்கணக்குல தறியை நிறுத்திப் போடற காலம் நம்ம பக்கத்துல வந்துட்டேதான் இருக்கு. அந்த வருஷம் அவர் சந்தா கட்டலைன்னா, போன வருஷத்துக் கணக்கைத் திறந்து பாக்க முடியணுமா, வேண்டாமா? என் கவலை அங்கதான். போட்டோஷாப் விக்கற அடோபி 2013-ல இனிப் புது வெர்ஷன் சந்தாவுல மட்டுந்தான்னப்பவும், வரைபட சாப்ட்வேர் விக்கற ஆட்டோடெஸ்க் 2016-ல நிரந்தர லைசென்ஸ் விக்கறதை நிறுத்துனப்பவும் வடிவமைப்பாளர்கள் சத்தம் போட்டது விலைக்காக மட்டுமில்லை. கட்டறதை நிறுத்துனா, தான் செஞ்ச ஃபைலைத் திறக்கற கருவி போயிரும்ங்கறதுக்காகவும்தான். நிரலர்களுக்குக் கருவி விக்கற ஜெட்பிரெய்ன்ஸ் கம்பெனி இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கு: ஒரு வருஷம் முழுசாக் கட்டிட்டா, அந்த வருஷம் ஆரம்பிக்கறப்ப இருந்த வெர்ஷன் சந்தாவை நிறுத்துனாலும் உங்களுதுதான். சந்தா வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா நின்னா என்ன மிஞ்சும்னு எழுதி வாங்கிக்குங்க.

ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியில இருந்து ஆறு வருஷம் வெச்சிருக்கணும்னு சட்டமே சொல்லுது. சாப்ட்வேர் காலாவதியாயிருச்சுன்னு அதிகாரிகிட்ட சொல்ல முடியாது.

பல்லடம் தறிக்காரர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆடிட்டர்கிட்டக் கேட்டேன். எங்க விற்றுமுதல் எந்த வருஷமும் 5 கோடி பக்கத்துலகூடப் போகலை, இ-இன்வாய்ஸ் வேண்டாம்னுட்டார். தனி உரிமையாளர்ங்கறதால அந்தத் தடய விதியும் எங்களுக்கு இல்லை. 4.9-ஐப் புதுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம், ஓடுது. கூலி பில்லும் சலானும் அடிச்சுது. எழுத்து மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்துது. பேப்பர் அளவை மாத்துனதும் சரியாயிருச்சு.

வரி விகிதம் மாஸ்டர்லயே மாத்தற மாதிரிதான் இருக்குது. போன செப்டம்பர்ல அந்தப் பொண்ணே மாத்தியிருக்குது, எனக்குத்தான் தெரியலை.

அப்புறம் எழுதுனவரோட பேசணும்னு சொல்லி, ரெண்டு தரம் போன் போட்ட பின்னால பேசுனார். நல்ல மனுசன். நீங்க சொன்ன மாதிரியேதான், ஆக்சஸ்ல இருந்து எஸ்கியூஎல்லுக்கு மாத்தியிருக்காங்களாம். எங்க கோப்பு எவ்வளவு பெரிசுன்னு பாக்கச் சொன்னார். 2 ஜிபி-ல பாதிகூட ஆகலை. “அப்ப உங்களுக்கு அவசரமில்லீங்க”ன்னு அவரே சொல்லிட்டார். பழைய கணக்கை 5.0-க்கு மாத்தித் தருவாங்களாம், ஆனா மாத்துனதுக்கப்புறம் 4.9-க்குத் திருப்பிக் கொண்டுவர முடியாதாம். ஈரோட்டுத் தங்கச்சி கேக்கச் சொன்னதுக்கு இதுதான் பதில்.

4.9-ல கணக்குத் தப்பு வந்தா ஃப்ரீயா திருத்தித் தருவீங்களான்னு கேட்டேன். தருவோம்னார். எழுதிக் குடுங்கன்னேன். அதுக்கு முதலாளியைக் கேக்கணும்னார். இன்னும் வரலை. எழுதி வந்தா, ரெண்டு பேர்த்துக்கும் கட்டுப்படியாகற விலையில வர்ற ஏப்ரல்ல 5.0-க்கு மாறலாம்னு இருக்கறேன். வரலைன்னா 4.9-தான். நடுவுல நான் செஞ்சு வெச்சுக்க வேண்டியது ஏதாவது இருக்குதுங்களா தம்பி?

கோவை நிரலர்

இருக்குங்கண்ணா. 4.9-ல இருந்து பார்ட்டி வாரியா பாவு இருப்பு, ஊடை நூல் இருப்பு, கூலி பாக்கி மூணையும் எக்செல்ல எடுக்க முடியுதான்னு இந்த வாரமே பாருங்க. வெறும் பிடிஎஃப் போதாது. எக்செல்ல வரலைன்னா, அந்த வசதியை 4.9-லயே போட்டுத் தரச் சொல்லுங்க; உங்க கணக்கு, நீங்க வெளிய எடுக்கறதுக்குக் காசு கேக்க யாருக்கும் உரிமையில்லை. அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டர்ல இல்லாம பென் டிரைவ்ல மாசாமாசம் எடுத்து வையுங்க.

ஏப்ரல்ல மாறுனாலும் மார்ச் 31 இருப்போட மாறுங்க, நடு வருஷத்துல வேண்டாம். முதல் மாசம் மட்டும் ரெண்டுலயும் பதிவு போடுங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை ரெட்டிப்பாகும், அதுக்கு ஏதாவது சேத்துக் குடுங்க. மாசக் கடைசியில ரெண்டுலயும் நூல் பை இருப்பும் கூலி பாக்கியும் ஒத்து வந்தா 4.9-ஐ மூடி வையுங்க, அழிக்க வேண்டாம். ஒத்து வரலைன்னா எந்தப் பார்ட்டியில வித்தியாசம்னு எழுதி அந்த நல்ல மனுசனுக்கே அனுப்புங்க. 5.0-க்குக் கட்டறதுல மீதிப் பணத்தை அது சரியான பிறகு குடுத்தாப் போதும்.